கல்லில் நடந்தது

தொண்டியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மறுபாதிக்கு அவர் குடிவந்த அன்று, வண்டியிலிருந்து முதலில் இறங்கியது ஒரு சுத்தியல். சாமான்களும் மனைவியும் மாட்டுவண்டியிலேயே இருக்க, அவர் மட்டும் உள்ளே போய் ஒவ்வொரு சுவராகத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். வீட்டுக்காரர் பின்னாலேயே நடந்தபடி, "கல்லுக்கட்டு வீடுங்க. எங்க அய்யா காலத்துல கட்டுனது" என்றார்.

"கல்லுன்னு நீங்க சொல்றிய. சுவரு வேற சொல்லுதே."

அடுப்படிச் சுவர் வெறும் பச்சை மண் என்பது அன்றைக்குத்தான் வீட்டுக்காரருக்கே தெரிந்தது. அதை இடித்துக் கட்டித் தருவதாக வீட்டுக்காரர் ஒப்புக்கொண்ட பிறகே இவர் மனைவியை இறங்கச் சொன்னார். அதுவரை அந்த அம்மாள் வெயிலில், மடியில் ஒரு முறத்தை வைத்துக்கொண்டு, இதெல்லாம் பழகிப்போன முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அவர் ஓவர்சியர். நாடு விடுதலையாகிப் பத்து வருஷம் போல் ஆகியிருந்தது. முந்தின ஐப்பசி கார்த்திகையில் கடல் ஏறிவந்து கடற்கரை ரோட்டைத் தின்றுவிட்டது. அந்த இடத்தில் கல் பாவிக் கரை கட்டுகிற வேலையை மேற்பார்வை பார்க்க இலாகா அவரை அனுப்பியிருந்தது. அபிராமம் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. நான் அப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். பாதி நாள் ராமநாதபுரத்திலேயே தங்கிவிடுவார். கிணறும் கொல்லையும் இரண்டு குடும்பத்துக்கும் பொது. அதனால் ஓவர்சியரை நான் பார்த்த அளவுக்கு அவருடைய இலாகாக்காரர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எதையும் நம்பமாட்டார். பால்காரி செம்பைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் மாட்டின் மடியில் கை வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் வாங்கினால் ஒரு துணியை நனைத்து எரியவிட்டுப் பார்ப்பார். மீன்காரப் பெண் செவுளைத் தூக்கிக் காட்டினால், "இது ரத்தமா, வெத்தல எச்சியா?" என்று கேட்பார். அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். கடைக்குப் போய்வருகிற மனைவியிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "நிறுக்கும்போது அவன் கட்டவிரல் எங்கன இருந்துச்சு?" என்பதுதான்.

கோபக்காரர் இல்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. யார் என்ன சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து முழுதாகக் கேட்பார். கேட்டு முடித்ததும், "சரி. வேற எப்படி இருக்கலாம்?" என்பார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் எதிரில் வாய் திறக்கும்போதெல்லாம், நான் சொல்வது நிஜந்தானா என்று எனக்கே ஒரு தயக்கம் வர ஆரம்பித்தது.

அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். ஒருநாள் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது மதினி சொன்னார்: "கல்யாணம் ஆன மறுவாரம், எங்க வீட்டுல போட்ட நகையை எல்லாம் ஆசாரிகிட்டக் கொண்டுபோயி உரசிப் பாத்துட்டு வந்தாரு. தாலியை மட்டும் கழுத்துல இருக்கயிலயே உரசச் சொன்னாரு. ஆசாரிக்கு வெக்கமாப் போச்சு, முகத்தைத் திருப்பிக்கிட்டு உரசுனான்."

"தங்கம் சரியா இருந்துச்சா?"

"அதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு." துணியை ஓங்கிக் கல்லில் அடித்தார்.

கரைக்குக் கல் கொண்டுவரும் காண்ட்ராக்டர் சிவகங்கைப் பக்கத்து நிலக்காரர். வெள்ளை வேட்டி, எப்போதும் சிரித்த முகம். வேலை தொடங்கிய வாரம் ஒரு வாழைத்தார் அனுப்பினார். ஓவர்சியர் அதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். மலையில் உடைத்த கருங்கல் வர வேண்டும் என்பது ஏற்பாடு. கொஞ்ச நாள் கருங்கல்தான் வந்தது. பிறகு லாரியில் கல்லின் நிறம் மாறியதாக அவருக்குத் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை மதியம், அவருக்குச் சோறு கொண்டுபோன மதினியோடு நானும் கடற்கரைக்குப் போயிருந்தேன். மற்றவர் கையில் சோற்றைக் கொடுத்துவிட்டால் அவர் சாப்பிட மாட்டார் என்பதால் மதினியே தினமும் போவார். நாங்கள் போய்ச் சேரும்போது ஓவர்சியர் குடிதண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு குவளை எடுத்து, புதிதாக இறங்கியிருந்த பெரிய கல் ஒன்றின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் வழியவில்லை. ஊற்றிய இடத்திலேயே மறைந்தது.

"பாத்தியளா? குடிக்குது" என்றார் மேஸ்திரியிடம்.

"வெயிலுக்குக் காஞ்சு கெடக்குங்கய்யா."

"கருங்கல்லு காஞ்சாலும் குடிக்காது. இது வேற எங்கனயோ வெட்டுனது."

சுத்தியலால் விளிம்பில் அடித்தார். இரண்டாவது அடியில் கல் குறுக்காகப் பிளந்து, மேல்பலகை தனியாகக் கழன்று சரிந்தது. கூரையிலிருந்து சீமை ஓட்டைப் பிரித்து எடுத்த மாதிரி இருந்தது. உள்ளே கல் சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் பரப்பில், ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை, ஏதோ ஒன்று நடந்து போயிருந்தது.

அப்படித்தான் சொல்ல வேண்டும். கோலமோ வெடிப்போ இல்லை. ஈரச் சேற்றில் கால் பதிந்தால் ஓரம் பிதுங்கி நிற்குமே, அந்தப் பிதுக்கம்கூட அப்படியே இருந்தது. பின்கால் கைக்குழந்தையின் பாதம் போல நீளம்; நான்கு விரல். முன்கால் வேறு மாதிரி. மூன்றே விரல், அதுவும் முன்னால் பார்க்காமல் பக்கவாட்டில் விரிந்திருந்தது. மதினி சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டார்.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த செம்படவர் ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். "கொக்கு இல்ல. நாரையும் இல்ல. ஆமை இப்படி வைக்காது" என்றார். பிறகு, "எனக்குப் பிடிக்கல, மூடிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஓவர்சியர் முதலில் கேட்டது, "யாருலே இதைச் செதுக்குனது?" என்றுதான். வேலையாட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர் சரிந்து கிடந்த மேல்பலகையைப் புரட்டச் சொன்னார். அதன் அடிப்பக்கத்தில் அதே தடங்கள் மேடாகப் புடைத்திருந்தன. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் குழியும் மேடும் பொருந்தின. அவர் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். உளியால் குழிதான் தோண்டலாம். மூடியிருந்த கல்லுக்குள் மேடு எப்படி வரும்? அதுவும் அந்தக் கல்லைப் பிளந்தது அவருடைய கையேதான். அன்றைக்கு மட்டும் "வேற எப்படி இருக்கலாம்" என்ற கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை.

கீழ்ப்பலகையை வண்டியில் ஏற்றி வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்துவிட்டார். அவர் நினைப்பெல்லாம் தடத்தின் மேல் இல்லை. கருங்கல்லுக்குப் பதில் இற்ற கல் வருகிறது என்பதற்கு அது சாட்சி. திங்கட்கிழமை ராமநாதபுரம் போய் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு அவர் திரும்புவதற்குள், கடற்கரையில் குவித்திருந்த கல் அத்தனையையும் லாரிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டன. மேல்பலகையும் அதோடு போயிற்று. பாவி முடித்த இடங்களில் மேல்வரிசைக்குக் கருங்கல்லைப் பதித்துவிட்டார்கள். அடியில் போட்ட இற்ற கல் மண்ணுக்குள் மறைந்திருந்தது.

அதோடு நிற்கவில்லை. ஓவர்சியர் கைநீட்டியதாகவும், கொடுக்காததால் நல்ல கல்லைத் தள்ளுவதாகவும் காண்ட்ராக்டர் ஒரு புகார் கொடுத்தார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று உத்தரவு வந்தது. வாழ்நாளெல்லாம் ஊரைச் சந்தேகப்பட்டவரை ஊர் சந்தேகப்பட ஆரம்பித்தது. பால்காரி என்னிடம், "அன்னைக்கு என் செம்பைக் கவுத்துப் பாத்தாரே, இப்ப அவரு செம்பைக் கவுத்துப் பாக்குறாக" என்றாள். அவள் குரலில் ஒரு திருப்தி இருந்தது.

அவர் கொல்லையில் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. கருடன் கால் என்றார்கள் சிலர். கற்பூரம் கொண்டுவந்த பெண்களை அவர் கிட்டே விடவில்லை. "கரி படிஞ்சு தடம் மறையட்டும்னு யாரோ அனுப்பியிருக்கான்" என்றார். வருகிற ஒவ்வொருவருக்கும் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாளி இறைத்துக் கல்லின் ஓரத்தில் ஊற்றி, "குடிக்குது பாத்தியளா?" என்று காட்டினார். தொண்டிக் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பது எல்லாருக்கும் தெரியும். அப்போது யாருக்கும் அது உறைக்கவில்லை.

காண்ட்ராக்டரும் ஒருமுறை வந்தார். "ஓவர்சியர் அய்யா, நம்ம பகையெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். சாமி கால் பதிஞ்ச கல்லு. எங்க ஊருக் கோயில்ல வச்சுக் கும்புடுறோம், குடுங்க" என்றார்.

"எந்த இடத்துல வெட்டுனதுன்னு சொல்லுங்க, தாரேன்."

"மலைக் கல்லுதானுங்களே."

"அப்ப மலையில போயி வேற எடுத்துக்கிருங்க."

காண்ட்ராக்டர் அப்போதும் சிரித்துக்கொண்டேதான் போனார். எந்த இடத்தில் வெட்டியது என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

என் தம்பி அப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். லீவுக்கு வந்தவன் கல்லைப் பார்த்துவிட்டுப் போய் அவனுடைய விலங்கியல் பேராசிரியரிடம் சொல்ல, அவர் அடுத்த வாரமே அவனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். குள்ளமான, சத்தமில்லாத மனிதர். கொல்லையில் கால் வைத்ததும் செருப்பைக் கழற்றினார். கல்லுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தடமாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டபோது அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன்.

"இது பறக்கிற பிராணிங்க" என்றார். "பறவை இல்லை. பல்லி, ஓணான் மாதிரி ஊர்வன இனம். மனுஷன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான வருஷம் முந்தி, பறவைகளே அபூர்வமா இருந்த காலம். அதுக்குக் கையில நாலாவது விரல் மட்டும் உடம்பை விட நீளம். அந்த விரல்லதான் இறக்கைத் தோல் ஒட்டியிருக்கும். தரையில இறங்கினா அந்த விரலை மேலே மடக்கிக்கிட்டு, மிச்ச மூணு விரலை ஊன்றி நடக்கும். அதனாலதான் முன்னால மூணு விரல் மட்டும் பதிஞ்சிருக்கு. ஏதோ ஏரிக்கரையில சேத்துல நடந்திருக்கு. அந்தச் சேறுதான் இது."

ஓவர்சியர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "நீங்க அந்தப் பிராணியப் பாத்திருக்கியளா?"

"அதோட எலும்பு வெளிநாட்டுல கிடைச்சிருக்கு. படம் பாத்திருக்கேன்."

"இந்தக் கல்லுல எலும்பு இருக்கா?"

"இல்லை."

"அப்ப ஒரு முதலை நடந்து போயிருந்தா?"

பேராசிரியர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். "போயிருக்கலாம். நியாயமான கேள்வி. அதுக்குத்தான் கொண்டுபோய் அளந்து பாக்கணும்னு சொல்றேன்."

அந்தப் பதில் ஓவர்சியருக்குப் பிடித்துவிட்டது. நாற்காலியை விட்டு இறங்கி, அவரும் தரையில் உட்கார்ந்தார். வால் இழுபட்ட கோடு எங்கே, உடம்பு தரையில் உரசியிருக்கிறதா என்று அவர் கேட்க, பேராசிரியர் விரலால் காட்டிக் காட்டிச் சொல்ல, பொழுது சாயும்வரை இரண்டு தலையும் கல்லின் மேல் கவிழ்ந்திருந்தன. மதினி இரண்டு தடவை காப்பி கொண்டுவந்தார். தன் வீட்டுக்காரர் ஒரு அந்நியரோடு சிரித்துப் பேசுவதை அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் கல்லைக் கேட்டார். விசாரணைக்கு எப்போது வேண்டுமானாலும் தானே எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். "இதை இங்கே வைக்காதீங்க. இது இளசுக் கல். உப்புக்காத்துல உரிஞ்சு போயிடும்" என்றார்.

ஓவர்சியர் முகம் மாறியது. "ஒங்களுக்கு எந்த ஊரு?"

"சிவகங்கைப் பக்கம்."

"காண்ட்ராக்டரும் அந்தப் பக்கந்தான்."

பேராசிரியருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்தது. என் தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவர் கையமர்த்தினார். தடத்தை ஒற்றி ஒரு அச்சாவது எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதற்கும் ஓவர்சியர் சம்மதிக்கவில்லை. கிளம்புகிற நேரத்தில், பேராசிரியர் தாளில் வரைந்திருந்த படத்தையும் ஓவர்சியர் கையை நீட்டிக் கேட்டார். பேராசிரியர் அதைக் கல்லின் மேல் வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். படம் மதினியின் அடுப்புக்குள் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். "நகல் ஒண்ணு இருந்தா, நாளைக்கு அதைக் காட்டி இதைப் பொய்யிம்பான்" என்றார் ஓவர்சியர்.

மறுநாள் கிணற்றடியில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், அந்தக் காண்ட்ராக்டரு ஒங்களுக்கு எந்த வகையில சொந்தம்?"

நான் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அதன்பிறகு பல வாரம் அவரோடு பேசவில்லை. மதினி மட்டும் ஒருநாள் வந்து, கதவோரம் நின்று, "என்னைய உரசுன மாதிரி ஒங்களையும் உரசிப் பாத்துட்டாரு. மனசுல வைக்காதிய" என்றார். பிறகு கொல்லைப் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "அதுவாச்சும் அங்கிட்டு இருந்து இங்கிட்டு நடந்து போயிருக்கு. நான் எங்கிட்டுப் போனாலும் இந்தக் கொல்லைக்குத்தான் திரும்புறேன்."

விசாரணை தள்ளிக்கொண்டே போனது. ஐப்பசி மழை இறங்கியது. கல்லின் மேல் இரண்டு சாக்கைப் போட்டு மூடி, காற்றில் பறக்காமல் செங்கல்லை அடுக்கிவைத்திருந்தார். யாரும் தொட்டால் தெரிய வேண்டும் என்று செங்கல்லின் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். கோடு கலையக்கூடாது என்பதற்காக அவரும் சாக்கைத் தூக்கிப் பார்க்கவில்லை.

மழை விட்டபிறகு பெரிய இன்ஜினியர் வந்தார். காண்ட்ராக்டரும் மேஸ்திரியும் கூட வந்தார்கள். காண்ட்ராக்டர், எல்லாம் மலைக் கருங்கல் என்று சாதித்தார். ஓவர்சியர் நல்ல வேட்டி கட்டிக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டை எல்லாருக்கும் காட்டிவிட்டு, செங்கல்லை எடுத்து வைத்து, சாக்கைத் தூக்கினார்.

கல் ஏடு ஏடாக உரிந்து கிடந்தது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சாக்கோடு ஒட்டிக்கொண்டு ஒரு படலம் மேலே வந்து, பொலபொலவென்று உதிர்ந்தது. கால் இல்லை, விரல் இல்லை. ஓவர்சியர் சாக்கைப் பிடித்த கையோடு நின்றார்.

பெரிய இன்ஜினியர் குனிந்து ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். மாவாயிற்று. கையைத் தட்டிக்கொண்டு காண்ட்ராக்டரைப் பார்த்தார். "ஒரு மழைக்குத் தாங்காத இதை வச்சா ஐயா கடலைத் தடுக்கப் பாத்தீங்க?" மேஸ்திரி அங்கேயே உண்மையைச் சொல்லிவிட்டார். கரையின் அடிவரிசையைத் தோண்டிப் பார்த்தார்கள். அங்கும் அதே கதி. காண்ட்ராக்டர் கையிலிருந்து வேலை போயிற்று. ஓவர்சியரைத் திரும்ப வேலைக்கு வரச் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். பால்காரிகூட வந்தாள்.

ஓவர்சியர் ஒவ்வொருவரிடமிருந்தும் கையை உருவிக்கொண்டார். எல்லாரும் போனபிறகு கொல்லையில் உட்கார்ந்து, உதிர்ந்த ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டும்வரை பார்த்தார். பிறகு என் வாசலில் வந்து நின்று, "டீச்சர், மதுரைக்கு என்கூட வாரியளா? தனியாப் போக எனக்கு முகமில்ல" என்றார்.

நானும் மதினியும் கூடப் போனோம். பேராசிரியர் எங்களை உட்காரச் சொன்னார். ஓவர்சியர் துணி மூட்டையை மேஜைமேல் அவிழ்த்தார். பேராசிரியர் அந்தத் தூளையும் ஏடுகளையும் பார்த்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திரும்ப வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "அன்னைக்குப் பாத்ததைச் சொல்லுங்க" என்றார்.

ஓவர்சியர் சொன்னார். கல் பிளந்தது, மேடும் குழியும் பொருந்தியது, விரல் சாய்ந்திருந்த பக்கம், பிதுங்கிய சேறு, எல்லாம். அவ்வளவு நேரம் தொடர்ச்சியாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பேராசிரியர் குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை.

"நீங்க சொல்றது அத்தனையும் நான் நம்புறேன்" என்றார் முடிவில்.

"அப்ப அதைப் பத்திப் புத்தகத்துல எழுதுவியளா?"

"எழுத முடியாதுங்க. காட்ட ஒண்ணும் இல்லையே."

"நீங்களே ஒங்க கண்ணால பாத்தியள்ல?"

"பாத்தேன். பாத்தேன்னு ஒருத்தர் வாயால சொன்னா, நீங்க நம்புவீங்களா?"

ஓவர்சியர் மதினியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூட்டையின் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "நம்பமாட்டேன்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருவாடானை தாண்டியதும் முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"டீச்சர், அது நடந்து போயிருந்துச்சுல்ல? நீங்களும் பாத்தியள்ல?"

"பாத்தேண்ணே."

"முன்னால மூணு விரலு?"

"மூணு விரல். பக்கவாட்டுல."

"நெசமாவே பாத்தியளா, நான் சொன்னதுனால சொல்றியளா?"

பார்த்தேன் என்று மறுபடியும் சொன்னேன். மதினியும் சொன்னார். அவர் தலையைச் சாய்த்து இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவர் நம்பின மாதிரி எனக்குத் தெரியவில்லை.